90ல ஸ்டியரிங் உதறுது, பேலன்சிங் மெஷின் மட்டும் ஜீரோ காட்டுது (2008 ஸ்விஃப்ட்)

மாட்டுத்தாவணி08:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2008 ஸ்விஃப்ட் பெட்ரோல், அப்பா வாங்குனது, 78 ஆயிரம் கிலோமீட்டர் தான் ஓடியிருக்கு. ரிட்டயர் ஆனப்புறம் அவர் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் தான் எடுப்பாரு, இப்ப எனக்கு திருநெல்வேலில வேலை கிடைச்சதால திங்கக்கிழமை விடியக்காலைல மதுரைல இருந்து கிளம்பி வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்பி வர்றேன், நாலு மாசமா இதான் பொழப்பு.

ஊருக்குள்ள வண்டி பூ மாதிரி போகுது. கப்பலூர் டோல் தாண்டி நாலு வழிச்சாலைல கொஞ்சம் அமுக்குனா தான் ஆட்டமே. 80 வரைக்கும் ஒண்ணும் இல்ல, 85ல ஸ்டியரிங் லேசா நடுங்கும், 90-95ல இடதும் வலதுமா நல்லாவே உதறும், ஹார்ன் மேல இருக்கிற எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுற அளவுக்கு. பயந்துக்கிட்டே ஒருநாள் 110 தொட்டுப் பாத்தேன், அங்க கொஞ்சம் அடங்கிடுது. விருதுநகர் வர்றதுக்குள்ள ரெண்டு கையும் மரத்துப் போயிடுது.

இதுவரைக்கும் செஞ்சது: அலைன்மென்ட் மூணு தடவை. முன்னாடி ரெண்டும் புது டயர். வீல் பேலன்சிங் (ஒரு பக்கம் கனக்காம இருக்க ரிம்முல ஈய வெயிட் அடிக்கிறது) ஒரு தடவை, நாலு வீலும் ஜீரோ காட்டுச்சு, நானே கிட்ட நின்னு பாத்தேன். அப்படியும் உதறுது. இப்ப ஒர்க்‌ஷாப்ல ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம் (வீல அடியில தாங்கிப் புடிக்கிற கை) மாத்தணும், அதுலயும் போகலன்னா ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங்கத் திருப்புனா வீலத் திருப்புற பாகம்) பாக்கணும்னு 14 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் குடுத்திருக்காங்க. போகலன்னாங்கிற அந்த வார்த்தை தான் இடிக்குது. மாத்திடலாமா?

டாப்கியர்_தம்பி:

ரேக் தான் ப்ரோ, கண்ண மூடிட்டு மாத்துங்க. இல்லன்னா 80லயே ஓட்டுங்க, பதினாறு வயசு தாண்டுன வண்டிக்கு அது போதும்.

கோவை_ஸ்பேனர்:

ஏனுங்க, கண்ண மூடிட்டு மாத்தறதுக்கு அது என்ன பல்புங்களா. கொஞ்சம் பொறுங்க.

மொத விஷயம், அலைன்மென்ட்டுக்கும் இந்த உதறலுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மிங்க. அலைன்மென்ட் கெட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், நேரா போறப்ப ஸ்டியரிங் கோணலா நிக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல வந்து அதைத் தாண்டுனா அடங்கற நடுக்கம் சுத்தற சாமான்ல இருந்து தான் வரும். நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் அலைன்மென்ட் மேட்ல ஏத்திடறாங்க, அந்த மூணு தடவை காசும் போனது போனது தானுங்க.

இத மட்டும் சொல்லுங்க:

உதறல் கைல மட்டும் வருதா, சீட்டுக்கு அடியிலயும் வருதா? கைல வந்தா பெரும்பாலும் முன் வீல், இடுப்புக்குக் கீழ வந்தா பின் வீல்.

95ல போறப்ப பிரேக்க லேசா தொட்டா அதிகமாகுதா? ஆச்சுன்னா பிரேக் டிஸ்க் பக்கம் போகணும்.

அதே 95ல ரோடு காலியா இருக்கற எடத்துல ஆக்ஸிலரேட்டர விட்டுட்டு க்ளட்ச் மட்டும் மிதிச்சுப் பாருங்க, ரெண்டு செகண்ட் போதும். உதறல் அப்படியே இருந்தா இன்ஜினையும், வீலச் சுத்த வைக்கற ஆக்ஸில் தண்டையும் விட்டுடலாம். ஆக்ஸிலரேட்டர் குடுக்கறப்ப மட்டும் நடுங்கி, விட்டா நின்னா அந்தத் தண்டோட உள்பக்க மூட்டு, சிவி ஜாயின்ட்டைப் பாக்கணும்.

கடைசியா, இது எப்ப ஆரம்பிச்சதுங்க? அதுக்கு முன்னாடி வண்டில என்ன வேலை பாத்தீங்க?

மாட்டுத்தாவணி08:

அண்ணே, நேத்து போறப்ப எல்லாம் செஞ்சு பாத்தேன். உதறல் கைல தான், சீட்ல ஒண்ணும் பெருசா இல்ல. பிரேக் தொட்டா கூடவும் இல்ல குறையவும் இல்ல. க்ளட்ச் மிதிச்சாலும் அப்படியே தான் இருக்கு.

எப்ப ஆரம்பிச்சதுன்னு கரெக்டா தெரியல, அப்பா 60க்கு மேல போனதே இல்ல, அவரக் கேட்டா "வண்டி நல்லா தான இருக்கு"ங்கிறாரு. வேலைன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. அலாய் வீல் மாட்டுனோம், எட்டு மாசம் இருக்கும், தெரிஞ்ச கடைல செகண்ட் ஹேண்ட்ல நாலு கிடைச்சுது, அதே 14 இன்ச் தான், பழைய டயரையே கழட்டி அதுல போட்டுக் குடுத்தாங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல, சும்மா சொல்லி வைக்கிறேன்.

அம்பத்தூர்_லேத்:

சும்மா சொல்லி வைக்கிறேன்னு மேட்டரையே கடைசில சொல்றியேப்பா.

நான் லேத்ல இருபது வருஷமா வேலை பாக்குறவன், வண்டி மெக்கானிக் இல்ல, ஆனா சுத்துற சாமான் எதுவா இருந்தாலும் சென்டர் தான் உயிருன்னு தெரியும். உன் வண்டில வீல் மாட்டுற ஹப்புல நடுவுல ஒரு குமிழ் நீட்டிக்கிட்டு இருக்கும், அதோட விட்டம் 54.1 மில்லிமீட்டர். கம்பெனி இரும்பு ரிம்முல நடு ஓட்டையும் அதே அளவு, கச்சிதமா போய் உக்காரும். வெளில விக்கிற அலாய் எல்லா வண்டிக்கும் பொருந்தணும்னு நடு ஓட்டையப் பெருசா விட்டுருவான், 67.1, 73.1 இப்படி. நாலு போல்ட்டு தூரம் 100 மில்லிக்கு சரியா வரும், மாட்டிடலாம், ஆனா 67.1ன்னா நடுவுல சுத்தியும் ஆறரை மில்லி சந்து நிக்கும். அந்த சந்த அடைக்கத் தான் ப்ளாஸ்டிக்லயோ அலுமினியத்துலயோ ஒரு வளையம் வரும், சென்டர் ரிங்குன்னு கேட்டா கடைல தருவான். செகண்ட் ஹேண்ட் அலாய்ல பல நேரம் அந்த ரிங்கு இருக்காது, டயர் கழட்டும்போது தெறிச்சு குப்பைக்குப் போயிருக்கும்.

இப்ப மெஷின் ஏன் ஜீரோ காட்டுச்சுன்னு கேளு. பேலன்சிங் மெஷின்ல வீல எப்படி மாட்டுறாங்க? நடு ஓட்டைல ஒரு கூம்பு சொருகி இறுக்குறாங்க. அதாவது மெஷின்ல வீலு நடு ஓட்டைய சென்டரா வச்சு சுத்துது, உன் வண்டில ரிங்கு இல்லாம நாலு நட்டு இழுத்த எடத்துல சுத்துது. ரெண்டும் வேற வேற சென்டர். மெஷின் பொய் சொல்லல, அது வேற ஒரு வீல அளந்திருக்கு, அவ்ளோ தான்.

எவ்ளோ வித்தியாசம் வந்துடப் போகுதுன்னு நினைக்காத. டயரோட சேத்து ஒரு வீல் 14 கிலோன்னு வச்சுக்கோ, அரை மில்லி தள்ளி உக்காந்தா போதும், ரிம் ஓரத்துல 40 கிராம் ஈயத்த தப்பான எடத்துல அடிச்ச மாதிரி. இப்ப அந்த 40ஐ விடு, 30 கிராமுக்கே கணக்கு சொல்றேன். உன் 165/80 ஆர்14 டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.9 மீட்டர் போகும், 90ல போனா செகண்டுக்கு 25 மீட்டர், அப்ப செகண்டுக்கு 13 சுத்து. அந்த வேகத்துல 30 கிராம் வெயிட்டு மூணரை கிலோவுக்கு மேல வெளிய இழுக்கும், செகண்டுக்கு 13 தடவை. 45ல போனா அதே வெயிட்டு ஒரு கிலோ கூட இழுக்காது, ஸ்பீடு பாதியானா இழுப்பு கால்வாசி ஆயிடும். உங்கப்பாவுக்கு வண்டி நல்லா இருந்ததும் உனக்கு உதறுறதும் இதனால தான், ரெண்டு பேர் சொல்றதும் கரெக்ட்.

110ல அடங்குறதுக்கு காரணம் ஊஞ்சல் கணக்கு. ஊஞ்சலுக்கு ஒரு தாளம் இருக்குல்ல, அந்த தாளத்துக்கு லேசா தள்ளுனா கூட உயர உயரப் போகும், அவசரப்பட்டு படபடன்னு தள்ளுனா போகாது. ஸ்டியரிங்கு, சஸ்பென்ஷன், ரப்பர் புஷ் எல்லாம் சேந்து ஒரு தாளத்துல ஆடும், உன் வண்டிக்கு அது 90-95ல வீல் தள்ளுற தாளத்தோட ஒத்துப் போகுது. அடங்கிடுச்சேன்னு 110லயே ஓட்டாத, உள்ள இழுப்பு அங்க இன்னும் ஜாஸ்தி, உன் கைக்கு வரலன்னு தான் அர்த்தம்.

கோவை_ஸ்பேனர்:

லேத் அண்ணன் சொல்றது பாதி ஒத்துக்கறேனுங்க, பாதி ஒத்துக்க மாட்டேன். நட்டு கூம்பு மாதிரி இருக்கு, அலாய்ல அதுக்குக் குழியும் கூம்பு தான், நாலும் ஒழுங்கா உக்காந்தா வீல் தானா சென்டருக்கு வந்துடும், ரிங்கே இல்லாம லட்சம் கிலோமீட்டர் ஓடற வண்டி எங்க ஊர்ல எத்தனையோ இருக்குது. தப்பு ரிங்குல இல்லீங்க, மாட்டற விதத்துல. பஞ்சர் கடைல என்ன பண்றாங்க, வீலத் தூக்கி மாட்டி ஒரு நட்டு மட்டும் ஏர் கன்ல டர்ர்ருனு ஏத்திடறாங்க, வீல் அங்கயே ஒரு பக்கமா ஒட்டிக்குது, அப்புறம் மத்த மூணையும் எப்படி இறுக்குனாலும் நகராது. இல்லன்னா ஜாக்கிய எறக்கிட்டு வண்டி வெயிட் டயர் மேல வந்தப்புறம் தான் இறுக்கவே ஆரம்பிக்கறாங்க, அதுவும் தப்பு.

வீல் காத்துல தொங்கறப்பவே நாலு நட்டும் கைல ஏத்தோணும், ஸ்பேனர்ல எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா, நடுவுல வீல லேசா ஆட்டி விட்டு, அது உக்காந்தப்புறம் எறக்கிட்டு கடைசி இறுக்கு. மாருதிக்கு 85 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச் (அளவு வச்சு இறுக்கற ஸ்பேனர்) வச்சிருக்கற கடையாப் பாருங்க. ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிக்க வேண்டாம்.

இன்னொண்ணு, பழைய இரும்பு ரிம்மோட நட்டையே அலாய்க்குப் போட்டாங்களா, இல்ல அலாயோட வந்த நட்டான்னு பாருங்க. குழிக்குப் பொருந்தாத நட்டா இருந்தா இறுகுன மாதிரி காட்டிட்டு ஓட ஓட லூஸ் ஆகும். அது உதறலோட நிக்கற விஷயம் இல்லீங்க.

வண்ணாரப்பேட்டை_டாக்ஸி:

தம்பி, ரிங்கு, நட்டு எல்லாம் இருக்கட்டும். முதல்ல காசு செலவில்லாம ஒரு வேலை சொல்லுதேன், அதைச் செஞ்சுட்டு வாங்க. முன்னாடி இருக்க ரெண்டு வீலையும் கழட்டி பின்னாடி மாட்டுங்க, பின்னாடி உள்ளத முன்னாடி போடுங்க, அந்தந்தப் பக்கத்துலயே. போட்டுட்டு அதே ரோட்டுல அதே 95ல போங்க. ஸ்டியரிங் உதறல் போயி குண்டிக்கு அடியில வந்துச்சுன்னா குத்தம் வீல்லயோ டயர்லயோ தான். இடம் மாத்தியும் அச்சு அசலா அப்படியே கைல உதறுதுன்னா அப்ப லோயர் ஆர்ம், பேரிங், ஹப்புன்னு பாக்கலாம். இதைச் செய்யாம 14 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டான்லா, அவன்கிட்ட ஒண்ணு கேளுங்க, எந்த புஷ்ல ஆட்டம் இருக்குன்னு காமிங்கண்ணேன்னு. காமிச்சா மாத்துங்க.

ஜாக்கி போடும்போதே இதையும் பாத்துருங்க. பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வையுங்க, ஜாக்கிய மட்டும் நம்பி அடியில தலையக் குடுக்காதீங்க. முன் வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா உள்ள ஒரு ஆள பிரேக்க மிதிக்கச் சொல்லுங்க, மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங், நிக்காட்டா பால் ஜாயின்ட், இல்லாட்டி அது சார்ந்த ஐட்டம். அப்புறம் இடது வலதா புடிச்சு ஆட்டுங்க, அதுல மட்டும் லொடுக்குனா ஸ்டியரிங்க வீலோட சேக்குற டை ராட் எண்ட்.

அடுத்து டயரு. பக்கத்துல ஒரு செங்கல்லு வச்சு அது மேல ஸ்க்ரூடிரைவர படுக்கப் போடுங்க, முனை டயரத் தொட்டும் தொடாம நிக்கணும், நியூட்ரல்ல போட்டுட்டு கையால மெதுவா வீலச் சுத்துங்க. இடைவெளி ஒரே சீரா போச்சுன்னா டயர் வட்டம். ஒரு எடத்துல ஒட்டி ஒரு எடத்துல விலகுனா அங்க சாக்பீஸ்ல கோடு போடுங்க. உள்ளங்கையால மேல்பாகத்தத் தடவியும் பாருங்க, எங்கயாச்சும் முட்டு மாதிரி தட்டுச்சுன்னா உள்ள கம்பி விட்டுருக்குன்னு அர்த்தம், அந்த டயர்ல நாலு வழிச்சாலைக்கே போகாதீங்க, வெடிச்சிரும்.

தேதியும் பாத்துக்கிடுங்க. டயர் பக்கவாட்டுல டாட்னு (DOT) ஆரம்பிக்க வரியில கடைசி நாலு நம்பர், 3217ன்னா 2017ல 32ஆவது வாரம். வெளிப்பக்கம் அந்த நாலு நம்பர் இல்லன்னா உள்பக்கம் இருக்கும், குனிஞ்சு பாருங்க. உங்கப்பா ஓட்டாம நிப்பாட்டி வச்ச வண்டில பட்டன் தேஞ்சிருக்காது, ரப்பர் மட்டும் செத்துப் போயிருக்கும், ரொம்ப நாள் ஒரே எடத்துல நின்னா அடிப்பாகம் தட்டையாவும் ஆயிரும்.

என் வண்டி கதை ஒண்ணு. ஒரு மழைக்காலத்துல பாபநாசத்துக்கு மேல ஒரு தோட்டத்துக்கு சவாரி, போற வழியெல்லாம் களிமண்ணு. திரும்பி பைபாஸ் ஏறுனதும் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுது, பின்னாடி உக்காந்திருந்த அம்மா பிள்ளையாருக்கு நேந்துக்கிட்டாங்க. ஓரங்கட்டி வீல் உள்பக்கம் கைய விட்டுப் பாத்தா கை அகலத்துக்கு களிமண்ணு அப்பிக் காஞ்சு கெடக்கு, ஒரு பக்கமா. ஸ்க்ரூடிரைவர வச்சு சொரண்டி எடுத்தேன், அஞ்சு நிமிஷ வேலை, உதறலும் போச்சு, பிள்ளையாருக்குத் தேங்காயும் மிச்சம். அதனால வீல் உள்பக்கத்தக் கழுவிட்டுப் பாக்குறத மறந்துறாதீங்க.

டாப்கியர்_தம்பி:

அண்ணாச்சி செம. என் ரேக் யோசனைய வாபஸ் வாங்கிக்கிறேன்.

மாட்டுத்தாவணி08:

சனி ஞாயிறு ரெண்டு நாளும் இதே வேலை தான். அம்மா திட்டாத குறை.

மொதல்ல அண்ணாச்சி சொன்ன மாதிரி முன்னாடிய பின்னாடி மாத்திட்டு திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி வரைக்கும் போயிட்டு வந்தேன். 95ல ஸ்டியரிங் கிட்டத்தட்ட அமைதி, ஆனா சீட்டுக்கு அடியில குறுகுறுன்னு மொபைல் வைப்ரேட் மோட்ல இருக்கிற மாதிரி. பக்கத்துல தம்பி உக்காந்திருந்தான், அவன் வாட்டர் பாட்டில பின் சீட்ல வச்சுப் பாத்தான், தண்ணி அலை அலையா நடுங்குது. அப்பவே தெரிஞ்சு போச்சு லோயர் ஆர்ம் காசு மிச்சம்னு. ஜாக்கில ஆட்டிப் பாத்ததுலயும் ஆட்டம் எதுவும் இல்ல.

வீட்டுக்கு வந்து வீல் கழட்டுனா, லேத் அண்ணே, நீங்க சொன்னது தான். முன்னாடி ஓடிட்டு இருந்த ரெண்டுல ஒண்ணுல ரிங்கே இல்ல, இன்னொண்ணுல கருப்பு ப்ளாஸ்டிக் ரிங் ரெண்டு துண்டா ஒடைஞ்சு ஒரு துண்டு ஹப்புக்கும் அலாய்க்கும் நடுவுல நசுங்கி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தத் துண்டு இருந்தா வீல் எப்படி நேரா உக்காரும். பின்னாடி ஓடுன ரெண்டுலயும் ரிங் ஒழுங்கா இருக்கு. ஹப்புல துரு வேற பொரிஞ்சு போயிருந்துச்சு, உப்புத்தாள் வச்சுத் தேச்சு எடுத்தேன்.

நட்டு அலாய்க்கு உண்டான நட்டு தான், அது ஓகே.

ரிங் செட்டு டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு அக்சஸரீஸ் கடைல கிடைச்சுது, அலாய் ஓட்டைய வெர்னியர் கேலிப்பர்ல அளந்து 67.1க்கு 54.1ன்னு கேட்டு வாங்குனேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. கோவை அண்ணன் சொன்னபடி காத்துல தொங்க விட்டு எதிர் எதிரா இறுக்கி, புது டயர் ரெண்டையும் திரும்ப முன்னாடியே போட்டேன்.

ரிசல்ட்: முக்கால்வாசிக்கு மேல போயிடுச்சு! 95ல எழுத்து ஒண்ணா தெரியுது. ஆனா 100-105ல இன்னும் ஒரு மெல்லிசு நடுக்கம் இருக்கு, ஒரு விரல வச்சா தெரியும். செங்கல் டெஸ்ட்ல வலது முன் டயர் ஒரு எடத்துல ஸ்க்ரூடிரைவர உரசுது, எதிர்ப்பக்கம் ஒண்ணரை மில்லி கிட்ட விலகுது. புது டயர் இப்படி இருக்குமா?

அப்புறம் பின் டயர் தேதி பாத்தேன், 1115. பேப்பர் மாதிரி வெடிப்பு. அது வேற கதை, மாத்தத் தான் போறேன். ஸ்டெப்னி அதவிட அதிசயம், இரும்பு ரிம்மு, 2008 டயர், புது டயர் மேல நீட்டிக்கிட்டு இருக்கிற ரப்பர் முடி கூட உதிரல, ஒரு தடவை கூட ரோட்டப் பாக்கல போல.

கோவை_ஸ்பேனர்:

அந்த ஸ்டெப்னியப் போட்டு 90 போயிடாதீங்க சாமி, முடி இருந்தாலும் அது கெழவன் தான். பஞ்சர் ஆனா அடுத்த ஊர் வரைக்கும் மெதுவா உருட்டிட்டுப் போறதுக்கு கூட யோசிக்கோணும்.

புது டயரும் நூத்துக்கு நூறு வட்டமா இருக்காதுங்க, ரிம்மும் அப்படித்தான். டயரோட மேடும் ரிம்மோட மேடும் ஒரே பக்கம் வந்து சேந்துட்டா ரெண்டும் கூடிப் போயி இப்படி உரசும். கடைல காத்த எறக்கி டயர ரிம்மு மேலயே அரைச் சுத்து திருப்பி மறுபடி ஏத்தச் சொல்லுங்க, மேடு பள்ளத்துல விழுந்து சமன் ஆயிடும். அப்புறம் தான் பேலன்சிங். இப்ப ரிங்கு போட்டப்புறம் பேலன்சிங் திரும்பச் செய்யோணும் எப்படியும்.

பேலன்சிங் கடைல ஒரு சோதனை பண்ணச் சொல்லுங்க. மெஷின் ஜீரோ காட்டுனதும் வீல லூஸ் பண்ணி, வீல மட்டும் அரைச் சுத்து திருப்பி, திரும்ப இறுக்கி ஓட விடோணும். அப்பவும் ஜீரோ, இல்ல அஞ்சு கிராமுக்குள்ள வந்தா சரி. 20, 25னு காட்டுச்சுன்னா அவங்க மாட்டறதே சென்டர்ல இல்லீங்க, அந்த ஜீரோவுக்கு மரியாதையே கெடையாது. ரிம் அகலம், விட்டம், மெஷின்ல இருந்து ரிம்முக்கு இருக்கற தூரம் மூணும் அந்தந்த வீலுக்கு அளந்து போடறாங்களான்னும் பாருங்க, முன்ன வந்த வண்டி அளவுலயே ஓட்டறதும் உண்டு. உங்க பழைய வெயிட் எல்லாம் புடுங்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.

கீழக்கரை_டீசல்:

நடுவுல ஒரு கேள்வி, மன்னிக்கணும். எனக்கு சும்மா போறப்ப ஒண்ணும் இல்ல, 90ல இருந்து பிரேக் போட்டா மட்டும் ஸ்டியரிங்கும் பெடலும் சேந்து துடிக்குது. இதுவும் பேலன்சிங்கா?

வண்ணாரப்பேட்டை_டாக்ஸி:

இல்ல, அது டிஸ்க்கு. பெடல்லயும் துடிப்பு வருதுன்னா டிஸ்க் கனம் ஒரு எடத்துல கூட ஒரு எடத்துல கம்மின்னு அர்த்தம், பேடு அதுல ஏறி எறங்குது. மாத்துறதுக்கு முன்ன டயல் கேஜ் வச்சு அளக்கச் சொல்லுங்க, பத்துல ஒரு மில்லி ஓடுனாலே கைக்கு வரும். பேட அமுக்குற பிரேக் காலிபர் பின்னுல கிரீஸ் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க, அது நகராட்டா பேடு விடாம தேச்சுக்கிட்டே இருக்கும், புது டிஸ்க்கும் மூணு மாசத்துல அதே கதி. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிப்பாட்டி வீல் கிட்ட கையக் காட்டிப் பாருங்க, தொட வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் அடுப்பு மாதிரி அடிச்சா அந்தப் பக்கம் தான். உங்களுக்குத் தனியா கேள்வி போடுங்க, இங்க தம்பி கதை முடியட்டும்.

அம்பத்தூர்_லேத்:

டிஸ்க்க லேத்ல டர்னிங் போட்டுக்கலாம்னு வருவாங்க, எங்கிட்டயே வருவாங்க. டிஸ்க்குலயே குறைஞ்சபட்ச கனம்னு நம்பர் குத்தியிருக்கும், அதுக்குக் கீழ போறதா இருந்தா நான் காசு குடுத்தாலும் போட்டுத் தர மாட்டேன்.

மதுரைத் தம்பி, ரிங்கு விஷயத்துல நம்ம கோவை நண்பர் இப்ப என்ன சொல்றாரு?

மாட்டுத்தாவணி08:

கடைசி அப்டேட். புதன்கிழமை லீவு போட்டுட்டு வேற ஒரு பேலன்சிங் கடைக்குப் போனேன். ஜீரோ வந்ததும் அந்த அரைச் சுத்து டெஸ்ட் பண்ணச் சொன்னேன், பையன் "அதெல்லாம் தேவையில்ல சார்"ன்னான், ஓனர் வந்து "பண்ணிக் காட்டுடா"ன்னாரு. பண்ணுனா 25 கிராம் காட்டுது! பையன் மூஞ்சி போச்சு. ஓனர் கூம்பக் கழட்டிப் பாத்தா உள்ள கருப்பா கிரீஸும் மண்ணும் கட்டி, அலாய் ஓட்டைலயும் பழைய ஸ்டிக்கர் பசை. ரெண்டையும் பெட்ரோல் போட்டுத் துடைச்சு, கூம்ப உள்பக்கமா இருந்து குடுத்து மாட்டுனாரு, அப்புறம் எத்தனை தடவை திருப்புனாலும் ரெண்டு மூணு கிராம் தான். வலது டயர அரைச் சுத்து திருப்பிப் போட்டாங்க, செங்கல் இல்லாம மெஷின்லயே பாத்தோம், ஆட்டம் பாதியா குறைஞ்சுடுச்சு. பின்னாடி 2015 டயர் ரெண்டும் போயி புதுசு வந்தாச்சு.

நேத்து காலைல போனேன். கப்பலூர்ல இருந்து சாத்தூர் வரைக்கும் 80, 90, 100 எல்லாத்துலயும் அப்படியே நிக்குது. எட்டூர்வட்டம் டோல்ல நிக்கிறப்ப தான் கவனிச்சேன் கை மரக்கவே இல்ல. கோவில்பட்டில நிறுத்தி நட்டு நாலையும் ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பாத்தேன், ஒண்ணு மட்டும் கால் சுத்து போச்சு. கூடவே ரெண்டு பாக்கெட் கடலை மிட்டாய்.

மொத்தம் ரிங் செட்டுக்கு ஆயிரத்துக்குள்ள, பேலன்சிங் காசு, அவ்வளவு தான், பின் டயர் எப்படியும் மாத்த வேண்டியது. 14 ஆயிரம் எஸ்டிமேட் பேப்பர அப்பா கண்ணாடிக் கூட்டுல மடிச்சு வச்சிருக்காரு, எதுக்குன்னு தெரியல.

ரிங்கா, நட்டு இறுக்குன விதமா, எது காரணம்னு மட்டும் கேக்காதீங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணிட்டேன்.

கோவை_ஸ்பேனர்:

அதானுங்க பாத்தேன். லேத் அண்ணன் இப்ப ரிங்கு தான்னு வருவாரு.

அம்பத்தூர்_லேத்:

ரிங்கு தான். சந்தேகம்னா வலது பக்கம் ரிங்க மட்டும் கழட்டிட்டு, நீ சொன்ன மாதிரியே நட்டு இறுக்கி ஒரு தடவை 95 ஓட்டிப் பாக்கச் சொல்லு.

மாட்டுத்தாவணி08:

அண்ணே, வண்டி அப்பா பேர்ல இருக்கு. நான் கழட்ட மாட்டேன்.